பொருள்: மெட்டாகேமிங்குக்கு ஒரு தமிழ்ச்சொல்

அனுப்புநர்: கத்ர் போர்ன், மொரீசியஸ்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் ரோல்பிளே சர்வர் (பாத்திரமேற்று ஆடும் இணையக் களம்) விதிகளைத் தமிழில் எழுதும் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. மெட்டாகேமிங் என்ற ஒரே சொல்லில்தான் இடறுகிறது. அதிகம் மீறப்படும் விதியும் அதுதான். அதனால் எழுத்துப்பெயர்ப்பாக விட்டுவிட மனம் வரவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகப் பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். விசைப்பலகை முன் உட்கார்ந்திருப்பவர் ஆள். திரைக்குள் நடமாடுவது பாத்திரம். பாத்திரத்துக்குத் தெரிய வழியே இல்லாத ஒன்று ஆளுக்குத் தெரிந்திருக்கும். அதை வைத்துப் பாத்திரத்தை நடத்தினால் அது மெட்டாகேமிங். நாம் ஆடும் கணினி விளையாட்டான நெவர்விண்டர் நைட்ஸில் (2002) இதற்கு வாசல் நிறைய. முகமூடி போட்ட ஒருவன் சத்திரத்துக்குள் நுழைகிறான். சுட்டியை அவன்மேல் வைத்தால் தலைக்கு மேல் பெயர் வந்துவிடும். உடனே மூலையில் இருக்கும் பாத்திரம் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. முகமூடிக்காரர் ஒரு வாரம் திட்டமிட்ட காட்சி அங்கேயே படுத்துவிடும்.

இன்னொன்று சுவர். சாதாரணப் பேச்சு 20 மீட்டர் வரை கேட்கும், கிசுகிசு 3 மீட்டர் வரை. ஆட்டம் தொலைவை மட்டும்தான் கணக்கில் எடுக்கும். நடுவில் கல்சுவர் இருந்தாலும் அடுத்த அறையில் நடக்கும் சதி உங்கள் உரைப்பெட்டியில் வரி வரியாக விழும். கதவில் காது வைத்ததாக நீங்கள் எழுதியிருக்காவிட்டால் அதை உங்கள் பாத்திரம் கேட்கவில்லை.

என் கையில் இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று ‘மீவிளையாட்டு’. மீதரவு, மீயுரை என்ற வழக்கை ஒட்டியது. மற்றது ‘அறிவுக்கசிவு’. எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. உங்கள் கருத்து வேண்டும்.

——

அனுப்புநர்: சாட்ஸ்வொர்த், டர்பன்

தம்பிக்கு வணக்கம்.

மீவிளையாட்டு வேண்டவே வேண்டாம். காரணம் ஒலி மட்டும் இல்லை. சீட்டாட்டப் போட்டிகளில் மெட்டாகேம் என்பதற்கு வேறு பொருள்: இந்தப் பருவத்தில் எல்லாரும் எந்த உத்தியோடு வருகிறார்கள், அதை எது வெல்லும் என்ற கணக்கு. அங்கே அது திறமை, நம் சர்வரில் அது குற்றம். ஒரே சொல் இரண்டுக்கும் போனால், சீட்டாட்டத்திலிருந்து வரும் பையன் நாம் அவனைப் பாராட்டுவதாக நினைத்துக்கொள்வான்.

> எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது.

அறிவுக்கசிவு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் குற்றத்தை வேறு ஆள் தலையில் போடுகிறது. வினாத்தாள் கசிந்தது என்றால் கசியவிட்டவரைத்தான் தேடுவோம். இங்கே கசிவு நடந்துகொண்டேதான் இருக்கும், அதைத் தடுக்கவும் முடியாது. ஒருவர் நம் டிஸ்கார்ட் அரட்டையில் திரைப்பிடிப்பு எடுத்துப் போடுவார். இன்னொருவரே இரண்டு பாத்திரம் வைத்திருப்பார், ஒன்று திருடன், மற்றது காவலன். திருடன் புதைத்த இடம் அந்த ஒரே மண்டைக்குத் தெரியும். காவலனை அங்கே அழைத்துப்போய்த் தோண்ட வைப்பதுதான் தவறு. நமக்கு வேண்டியது அந்தச் செயலைக் குறிக்கும் சொல்.

விதிநூலில் படித்த அறிவும் இதில் சேருமா என்று தெளிவாக எழுதுங்கள். ட்ரோல் என்ற பூதத்தின் காயம் தானாக ஆறும், தீயும் அமிலமும் பட்டால்தான் ஆறாது என்பது ஆடுகிற எல்லாருக்கும் பாடம். நேற்று ஊரை விட்டுக் கிளம்பிய இடையனுக்குத் தெரியுமா? சண்டை தொடங்கியதும் அவன் தீப்பந்தத்தை எடுத்தால் சண்டைக்காட்சியில் பயமே இருக்காது. வெட்டிய கை மறுபடி முளைப்பதைப் பார்த்து ஒரு தடவையாவது அவன் அரண்டு பின்வாங்கட்டும். பிறகு யாராவது தீப்பந்தத்தை வீசி, அது சுருண்டு அலறுவதை எல்லாரும் பார்த்தால் அந்த அறிவு அவனுக்கும் சொந்தம்.

——

அனுப்புநர்: சேன் பியேர், ரெயூனியோன்

வணக்கம். மெட்டாகேமிங்குக்கு என்னிடம் சொல் இல்லை. ஆனால் வரைவில், ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டருக்கு ‘ஆட்டத் தலைவர்’ என்று பார்த்தேன். எங்கள் தீவில் பால் தாமூல் என்று வழங்கும் கூத்தில் குழுவை நடத்துபவரை வார்த்தியால் என்பார்கள், அதாவது வாத்தியார். கதையை எடுத்துக் கொடுப்பதும் ஆடுபவர்களை நடத்துவதும் அவர் பொறுப்பு. கேம் மாஸ்டர் செய்வதும் அதையேதான். டர்பனில் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று சொல்லும் தெருக்கூத்துக்காரர்களுக்கும் இந்தச் சொல் அந்நியமாக இருக்காது. ‘வாத்தியார்’ என்றே வைக்கலாம்.

முறை விட்டுக்கொடுப்பது பற்றி ஒரு வரியும் சேர்க்க வேண்டும். நான்கு பேருக்கு மேல் கூடும் காட்சியில், நீங்கள் எழுதியபின் மூவர் எழுதும்வரை காத்திருங்கள். இருவர் மட்டுமே என்றால் ஒருவர் விட்டு ஒருவர். வேகமாகத் தட்டச்சு செய்பவர் ஐந்து வரி எழுதி முடிப்பதற்குள், தமிழ் விசைப்பலகைக்கு இன்னும் பழகாதவர் முதல் வரியில்தான் இருப்பார். அந்த வரி வரும்போது காட்சி அவரைத் தாண்டிப் போயிருக்கும். இரண்டு தடவை இப்படி நடந்தால் மூன்றாம் தடவை அவர் வரமாட்டார்.

——

அனுப்புநர்: ரோஸ் ஹில், மொரீசியஸ்

அனைவருக்கும் வணக்கம். வாத்தியாரை முழு மனதோடு வழிமொழிகிறேன்.

டர்பன் அக்கா சொன்ன பகுப்பு சரியானது: அறிவு வேறு, அதைப் பயன்படுத்துவது வேறு. அதை அப்படியே சொல்லில் காட்டலாமே. ஆளுக்கு மட்டும் தெரிந்தது ‘புறவறிவு’. பாத்திரத்துக்குத் தெரிந்தது ‘பாத்திர அறிவு’. புறவறிவு எல்லாரிடமும் இருக்கும், அதில் குற்றம் ஏதுமில்லை. அதைப் பாத்திரத்துக்குள் கொண்டுவருவது ‘புறவறிவு புகுத்தல்’. விதியில் எழுதும்போது வினையாகவும் வளைகிறது: புறவறிவைப் புகுத்தாதீர்கள், புகுத்தியிருக்கிறார், புகுத்தாமல் ஆடினார்.

‘களவறிவு’ என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். அது வேண்டாம் என்பேன். பாதிப்பேர் தெரியாமல்தான் செய்கிறார்கள். திருடன் என்று கூப்பிட்டுவிட்டு அடுத்த வரியில் திருத்திக்கொள்ளச் சொன்னால் யார் கேட்பார்கள்? எளிமையும் முக்கியம். இங்கே பலருக்குத் தமிழ் பள்ளியில் ஒரு பாடமாகக் கிடைத்ததுதான், வீட்டில் கிரியோல். புறம், அறிவு, புகுத்து மூன்றும் பள்ளிப் புத்தகத்துச் சொற்கள். கூட்டினாலும் உடைந்து தெரியும்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறுக்கும் வரைவில் சொல் இல்லை: அடுத்தவர் பாத்திரத்துக்கு என்ன ஆயிற்று என்பதை நாமே எழுதிவிடுவது. காட்மோடிங் என்பார்கள். ‘முடிவு திணித்தல்’ என்று நான் எழுதி வருகிறேன். இதை விளக்கத் தமிழ் இலக்கணமே கைகொடுக்கிறது. மூன்று வரிகளைப் பாருங்கள்.

*அவன் கத்தியை உருவி அவள் தோளில் குத்திவிட்டான்.*

*அவன் கத்தியை உருவி அவள் தோளைக் குறிவைத்து ஓங்குகிறான்.*

*அவன் கத்தியைக் கண்டு அவள் நடுங்குகிறாள்.*

முதல் வரியில் ‘விட்டான்’ வந்ததும் கதை முடிந்தது. விலகலாமா, தடுக்கலாமா, வாங்கிக்கொள்ளலாமா என்று தீர்மானிக்க அவளை ஆடுபவருக்கு இடமே இல்லை. இரண்டாவதில் அந்த இடம் இருக்கிறது. மூன்றாவது பார்க்கச் சாதுவாக இருந்தாலும் மூன்றிலும் மோசமானது, ஏனென்றால் அவள் மனத்தையே எடுத்துக்கொள்கிறது. அவள் நடுங்குவாளா சிரிப்பாளா என்பது அவளை ஆடுபவர் எழுத வேண்டியது. ஆகவே விதியை இப்படி வைக்கலாம்: அடுத்தவரைத் தொடும் செயலில் ஓங்கு, நீட்டு, முயல், ‘செய்யப் பார்’ போன்ற வினைகளை நிகழ்காலத்தில் எழுதுங்கள். ‘விடு’ சேர்ந்த இறந்தகாலத்தை உங்கள் பாத்திரத்தின் உடம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டதா இல்லையா என்று இருவருக்கும் ஒத்துவராவிட்டால் ஆளுக்கொரு 20 முகப் பகடை உருட்டலாம்.

செயல்வரியில் உள்மனத்தை எழுதுவதும் தொல்லை. “அவன் மனத்துக்குள் அவளை வெறுக்கிறான்” என்று எழுதினால் அதற்கு அவள் என்ன பதில் செய்ய முடியும்? ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் அவளை ஆடுபவர் படித்துவிட்டார். நாமே புறவறிவைக் கையில் கொடுத்துவிட்டு, ஏன் பயன்படுத்தினாய் என்று கேட்பது நியாயமில்லை. வெறுப்பு வெளியே தெரியும்படி எழுதுங்கள்: அவள் நீட்டிய கோப்பையை வாங்கிக் குடிக்காமலே மேசையில் வைக்கிறான். இதைப் பார்த்து அவள் எதையும் செய்யலாம்.

வேடத்துக்கு வெளியே பேச வேண்டி வந்தால் இரட்டை அடைப்புக்குறி, அதுவும் ஒரே வரி. ((தொலைபேசி, 5 நிமிடம்)) போதும்.

——

அனுப்புநர்: சாட்ஸ்வொர்த், டர்பன்

புறவறிவு புகுத்தல் மனநிறைவாக இருக்கிறது. முடிவு திணித்தலும் இருக்கட்டும்.

ஆனால் வரைவின் கடைசிப் பகுதியில் ‘பாத்திர வளர்ச்சி’ என்று இரண்டு இடத்தில் பார்த்தேன். ஓரிடத்தில் லெவல் ஏறுவதற்கு, மற்றோரிடத்தில் பாத்திரத்தின் குணம் மாறுவதற்கு. இதை விட்டுவிடக் கூடாது. பல சர்வர்களில் வரும் மனத்தாங்கலின் வேரே இந்தக் குழப்பம். நெவர்விண்டர் நைட்ஸில் விரிவாக்கத் தொகுப்போடு லெவல் 40 வரை ஏறலாம். நாற்பதாம் லெவலில் நிற்கும் வீரன் முதல் நாள் இருந்த மனிதனாகவே இருக்கலாம், மூன்றாம் லெவலில் ஒருத்தி முற்றிலும் வேறொருத்தி ஆகியிருக்கலாம். லெவலுக்கு ‘நிலையேற்றம்’ என்று வைப்போம். மற்றதற்கு ‘குணமாற்றம்’ என்றால் ஒரே இரவில் நடந்ததுபோல் இருக்கிறது. ‘முதிர்ச்சி’ என்றால் நல்லதை நோக்கி மட்டும் போவதுபோல் இருக்கிறது. கெட்டுப்போவதும் இதில் அடக்கம். ‘குணநகர்வு’ என்கிறேன்: மெல்ல, எந்தத் திசையிலும்.

குணநகர்வு எப்படி வரும் என்றும் விதியில் இரண்டு பத்தி இருக்கட்டும். புதியவர்கள் ஐந்து பக்கத்துக்கு முன்கதை எழுதிக்கொண்டு வருகிறார்கள். பெற்றோர் கொலை, பழிக்குப்பழி, தவம், வரம் எல்லாம் அதிலேயே முடிந்துபோகிறது. ஆட்டத்தில் நடக்க மீதி ஒன்றும் இல்லை. அரைப்பக்கம் போதும். அதில் மூன்று இருக்க வேண்டும்: அவனுக்கு வேண்டியது ஒன்று, அவன் அஞ்சுவது ஒன்று, அவன் தவறாக நம்புவது ஒன்று. மூன்றாவதுதான் பொன். “அரண்மனைக்காரர்கள் யாரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றமாட்டார்கள்” என்று நம்பும் ஒருத்தியை, சொன்ன சொல்லைக் காப்பாற்றும் ஓர் அரண்மனைக்காரனோடு வாத்தியார் இரண்டு காட்சியில் சேர்த்தாலே போதும், அவள் நகர ஆரம்பிப்பாள். பலவீனம் எழுதினால் பிறர் கைக்கு எட்டுகிற பலவீனமாக எழுதுங்கள். யாரும் போகாத தீவில் இருக்கும் அண்ணனை நினைத்து வருந்துவது யாருக்கும் உதவாது. கடனாளியாக இருப்பது எல்லாருக்கும் உதவும்.

நகர்வு சாட்சியோடு நடக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து “மூன்று மாதம் யோசித்து மாறிவிட்டான்” என்று அறிவித்தால் மற்றவர்கள் பழைய ஆளையே எதிர்பார்த்துப் பேசுவார்கள். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் மூன்று வரி குறித்து வையுங்கள்: யார் இருந்தார்கள், இவன் என்ன இழந்தான், எதை நம்பினான்.

ஆட்டம் தானாக வைக்கும் அறநிலை எண்ணையும் இதோடு குழப்பக் கூடாது. நன்மைக்கும் தீமைக்கும் 0 முதல் 100 வரை ஓர் அளவு, ஒழுங்குக்கும் குலைவுக்கும் இன்னோர் அளவு. 70 முதல் மேலே நன்மை அல்லது ஒழுங்கு, 30 முதல் கீழே தீமை அல்லது குலைவு, நடுவில் நடுநிலை. பாலடின் (அறநெறிக்கு உறுதிபூண்ட புனித வீரர்) ஒருத்தி அகதியை மறைக்கக் காவலரிடம் பொய் சொன்னாள் என்று வாத்தியார் ஒழுங்கில் சில புள்ளி குறைக்கலாம். குறைந்து குறைந்து 70க்குக் கீழே போனால் பாலடினாக அவளுக்கு அடுத்த நிலையேற்றம் கிடையாது. எண் சொல்வது அவ்வளவுதான். பொய் சொன்ன இரவில் அவள் தொழுதாளா, தொழ முடியாமல் எழுந்து போனாளா என்பதை ஆடுபவர்தான் காட்ட வேண்டும். குணநகர்வு அந்தக் காட்சியில் இருக்கிறது.

——

அனுப்புநர்: கத்ர் போர்ன், மொரீசியஸ்

அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் மிகுந்த நன்றி. வாத்தியார், முடிவு திணித்தல், நிலையேற்றம், குணநகர்வு நான்கையும் சேர்த்துவிட்டேன். மெட்டாகேமிங் விதி இப்படி நிற்கிறது:

“புறவறிவு புகுத்தல். பாத்திரம் பார்க்காத, கேட்காத, யாரும் அதற்குச் சொல்லாத ஒன்றை ஆடுபவர் அறிந்திருப்பது புறவறிவு. தலைக்கு மேல் தெரியும் பெயர், சுவருக்கு அப்பாலிருந்து வரும் உரை, தனிமடல், திரைப்பிடிப்பு, உங்களுடைய இன்னொரு பாத்திரம் கண்டது, விதிநூலில் படித்தது யாவும் இதில் அடங்கும். இதைக் கொண்டு பாத்திரத்தைச் செயல்படுத்தக் கூடாது. பாத்திரத்துக்குத் தெரிந்திருக்குமா என்று ஐயம் வந்தால் செயல்படும் முன்பே வாத்தியாரிடம் கேளுங்கள், அவர் பகடை உருட்டச் சொல்வார். புகுத்தியதை யாராவது சுட்டினால் அந்த வரியை மட்டும் நீக்கி, அதற்கு முந்தைய வரியிலிருந்து தொடருங்கள். அதன்மேல் வேறு காட்சிகள் நடந்துவிட்டிருந்தால் எதையும் அழிக்காமல் வாத்தியாரிடம் விடுங்கள்.”

கடைசி இரண்டு வரியும் நான் சேர்த்தவை. பின்னோக்கிப் போய் அழிக்க ஆரம்பித்தால், தவறே செய்யாத நால்வரின் காட்சியும் சேர்ந்து போய்விடும்.

மூவர் எழுதும்வரை காத்திருக்கும் விதியில் நேரமும் சேர வேண்டும் என்று நினைக்கிறேன். வாத்தியார் லண்டனில் குளிர்காலத்தில் இரவு 8 மணிக்குத் தொடங்கும் காட்சி டர்பனில் 10 மணி, நமக்கும் ரெயூனியோனுக்கும் நள்ளிரவு. ஒருவர் முறைக்கு 5 நிமிடம் காத்திருந்து, பிறகு அவரைத் தாண்டிப் போகலாம் என்று எழுதலாமா? தாண்டப்பட்டவர் திரும்பி வந்ததும் வரிசையில் முதலில் எழுதட்டும். இதற்கு ஆட்சேபம் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை விதிகளை ஏற்றிவிடுகிறேன். பாத்திரம் நிரந்தரமாக இறப்பதற்கான சொல்லுக்குத் தனி இழை தொடங்குகிறேன். அங்கே ஆடுபவரின் சம்மதம் பற்றியும் பேச வேண்டும்.