ஹங்கேரியின் பெரிய பிரபுக் குடும்பமான எஸ்டர்ஹாசிகளின் தடம் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கிணற்றடி:
ஆஸ்திரியாவில் இருக்கும் அவர்களின் ஃபோர்ஹ்டென்ஸ்டைன் கோட்டைக்குப் போய் மூன்று வருடமாகிறது. கஜானா, பீரங்கிகள் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். என்னை விடாதது அந்தக் கிணறு. 142 மீட்டர் ஆழம். துருக்கியக் கைதிகள் பாறையைக் குடைந்து தோண்டியது என்கிறார்கள். வழிகாட்டிப் பெண் ஒரு குவளைத் தண்ணீரை உள்ளே ஊற்றினார். மனதுக்குள் எண்ணினேன். ஐந்து தாண்டிய பிறகுதான் சத்தம் வந்தது. அதுவரை அடியில் உளியோடு நின்றவனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மேலே கூடம் நிறைய எஸ்டர்ஹாசிகளின் ஓவியங்கள். தோண்டியவர்களில் ஒருவன் பெயர்கூடக் கண்ணில் படவில்லை.

தூரதேசி:
கிணற்றடி சொல்வது நியாயம்தான். ஆனால் அந்தக் குடும்பமும் ரத்தம் சிந்தாமல் உட்கார்ந்திருக்கவில்லை. 1652 ஆகஸ்ட் 26, வெசெகேன் சண்டை. லாஸ்லோ, ஃபெரென்ஸ், தாமாஷ், காஷ்பார் என்று நாலு எஸ்டர்ஹாசிகள் ஒரே நாளில் துருக்கியரிடம் விழுந்தார்கள். லாஸ்லோவின் தம்பி பாலுக்கு அப்போது 17 வயதுகூட நிறையவில்லை. குடும்பப் பொறுப்பு முழுதும் அவன் தலையில். அவன்தான் பிற்பாடு 1687இல் இளவரசர் பட்டம் வாங்கியவர். ஒரே வீட்டில் நாலு சாவு என்று படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. அந்த வாரம் என் சித்தப்பாவும் போயிருந்தார், அதனாலும் இருக்கலாம்.

மெழுகுதிரி:
நான் போனது அவர்களின் ஃபெர்டோட் அரண்மனைக்கு. 1772 கதை தெரியும்தானே? பிரபு மிக்லோஷ் எஸ்டர்ஹாசி இந்த அரண்மனையை விட்டு ஊர் திரும்பவே இல்லை, வாத்தியக்காரர்களின் மனைவிகள் சொந்த ஊரான ஐசன்ஸ்டாட்டில் காத்துக் கிடந்தார்கள், பிரபுவிடம் வேலை பார்த்த இசையமைப்பாளர் ஹைடன் அந்தப் பிரியாவிடை சிம்பொனியை எழுதினார். அதை அங்கேயே கேட்டேன். கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராக விளக்கை அணைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். என் பக்கத்தில் இருந்த, ஓபோ என்ற குழல் வாசித்தவர் விளக்கை அணைத்த புகை என் முகத்தில் பட்டது. கடைசியில் இரண்டே வயலின். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்காமல் லீவு கேட்ட மனுஷன்! மறுநாளே பிரபு புரிந்துகொண்டு கிளம்பினாராம். வெளிநாட்டில் தனியாக வேலை பார்க்கிறவன் நான், அழுதுவிட்டேன்.

வெள்ளைக் காலுறை:
மெழுகுதிரி, பிரபு நல்லவர் என்று முடித்துவிடாதீர்கள். அந்தக் குடும்பம் ஹைடனோடு 1761இல் போட்ட வேலை ஒப்பந்தத்தை வாசியுங்கள். ஹைடன் சீருடை போட வேண்டும், வெள்ளைக் காலுறை, தலைக்குப் பவுடர். முற்பகலும் பிற்பகலும் முன்னறையில் வந்து நின்று இன்றைக்கு இசை உண்டா என்று கேட்க வேண்டும். எழுதியது பிரபுவுக்குச் சொந்தம். 1809இல் வியன்னாவில் செத்த பிறகும் நிம்மதி இல்லை, மண்டை ஓட்டைத் திருடிவிட்டார்கள். 1820இல் உடலை ஐசன்ஸ்டாட்டுக்குக் கொண்டுவந்தபோதுதான் தலை இல்லை என்றே தெரிந்தது. அசல் தலை வந்து சேர்ந்தது 1954இல். இடையில் வைத்த வேறு யாருடையதோ தலையும் அதே கல்லறையில்தான் இருக்கிறது. அங்கே நின்றபோது இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கும்பிட்டேன்.

சோப்ரான் பஸ்:
நான் பார்த்தது புடாபெஸ்ட் நுண்கலை அருங்காட்சியகத்தில் ரஃபேலின் குட்டி மடோனா. 1870இல் குடும்பம் அரசுக்கு விற்ற தொகுப்பில் வந்தது. அவ்வளவுதான். அப்புறம், போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐசன்ஸ்டாட் 1921இல் ஆஸ்திரியாவோடு போய்விட்டது, ஃபெர்டோட் ஹங்கேரியில் தங்கிவிட்டது. ஒரே நாளில் இரண்டையும் அடைக்கப் பார்க்காதீர்கள். வியன்னாவிலிருந்து ஐசன்ஸ்டாட், ராத்திரி ஹங்கேரியின் சோப்ரான் ஊரில் தங்கல், காலையில் ஃபெர்டோட் பஸ். ஞாயிற்றுக்கிழமை பஸ் நேரத்தை முன்னாடியே பாருங்கள். குடும்பப் பெயரில் உள்ள கேக்கையும் சாப்பிடுங்கள், வெள்ளைப் பூச்சில் சாக்லேட் கோடு போட்டது. குடை அவசியம். காலுக்கு நல்ல செருப்பு, அரண்மனைத் தோட்டம் முடியவே முடியாது.

கிணற்றடி:
எல்லோருக்கும் நன்றி. முதலில் எழுத விட்டுப்போனது ஒன்று. அதே பயணத்தில் புடாபெஸ்ட் ஓபெராவில் பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி. ஃபோர்ஹ்டென்ஸ்டைன் போனேன் என்றதும் மேடையைக் காட்டினார். எஸ்டர்ஹாசிகளின் கடைசிப் பிரபுவான இன்னொரு பாலின் மனைவி மெலிந்தா அங்கே பாலே நடனத்தில் நாயகியாக ஆடியவராம், தன் அம்மா பார்த்திருக்கிறாராம். கம்யூனிஸ்ட் அரசு கார்டினல் மிண்ட்சென்டி மேல் நடத்திய 1949 வழக்கில் பாலுக்கும் 15 வருடம் சிறை போட்டார்கள். 1956 ஹங்கேரியக் கிளர்ச்சியில்தான் வெளியே வந்தார். "அத்தனை வருஷம் அவள் காத்திருந்தாள்" என்றார் பாட்டி. திரை தூக்கும்வரை நீட்டிய விரலை மடக்கவில்லை.