‘தாத்தா வீடு’ குழு: கார்த்திக்கின் தலை விஷயம்

இரவு 8:41

ராஜேந்திரன்: [பலமுறை பகிரப்பட்டது] இனி உலகில் வழுக்கை என்பதே இல்லை!! ஜப்பான் விஞ்ஞானிகள் சாதனை!! ஒரே ஊசி, ஆயிரம் மயிர்க்கால்!! பத்துப் பேருக்கு அனுப்புங்கள்!!

மல்லிகா: அண்ணா, போன மாதம் இதே ஊசி ரஷ்யாவிலிருந்து வந்தது

பிரபு: பெரியப்பா அனுப்பிய பத்துப் பேருக்கும் சேர்த்து பத்து முடி வந்திருக்குமா

ராஜேந்திரன்: சிரிக்காதே. விஷயம் இருக்கிறது. கார்த்திக் ஒரு கிளினிக் பார்த்து வைத்திருக்கிறான். ஸ்டெம் செல் சிகிச்சையாம். இன்று இரவு 12 மணிக்குள் முன்பணம் கட்டினால் சலுகையாம். எல்லோரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போட்டேன்.

கார்த்திக்: அப்பா!!!

கார்த்திக்: இதைக் குழுவில் போடச் சொன்னேனா

பிரபு: 23 பேர் பார்த்தாகிவிட்டது

சுதா: இதில் என்ன வெட்கம் கார்த்திக். எல்லா வீட்டிலும் உள்ளதுதானே

மல்லிகா: யாழினியைக் கேளுங்கள். அவள் வேலையே ஆய்வகத்தில் செல் வளர்ப்பதுதான்

யாழினி: வந்துவிட்டேன். கார்த்திக், அந்த ஊசியில் என்ன போடுகிறார்கள் என்று எழுத்தில் கொடுத்தார்களா?

கார்த்திக்: ஒரு தாள் இருக்கிறது. “ஸ்டெம் செல் + எக்ஸோசோம் + பிஆர்பி, 6 அமர்வு”

யாழினி: மூன்றும் மூன்று சமாச்சாரம். பிஆர்பி என்பது உன் ரத்தத்தையே எடுத்து, சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைத் தலையில் ஏற்றுவது. சிலருக்குக் கொஞ்சம் அடர்த்தி கூடுகிறது, சிலருக்கு ஒன்றுமே இல்லை, ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எக்ஸோசோம் என்பது செல்கள் வெளியே விடும் நுண்பைகள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-ல் இதைப் பற்றி மக்களை எச்சரித்தே அறிக்கை விட்டது. ஸ்டெம் செல் என்பது மற்ற செல்களைப் பிறப்பிக்கும் மூலச் செல், ஆனால் இவர்கள் அந்தப் பெயரில் எதைச் சொல்கிறார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

பிரபு: சுருக்கம் ப்ளீஸ்

யாழினி: சுருக்கம்: கட்டாதே.

ராஜேந்திரன்: அப்படியானால் ஜப்பான்காரன் செய்தது பொய்யா?

யாழினி: பொய் இல்லை பெரிய மாமா. வம்பே அதுதான். ஆராய்ச்சி நிஜம். அதன் பெயரைச் சொல்லி இன்று இரவு விற்பது வேறு. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரபு: ஐயோ

யாழினி: பரம்பரை வழுக்கையில் மயிர்க்கால் உடனே செத்துப்போவதில்லை, சுருங்குகிறது. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டிஎச்டி என்ற ஹார்மோன் முன்மண்டை, உச்சி மயிர்க்கால்களைப் பாதிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து, குட்டையாகி, கடைசியில் பூனைமுடியாகிறது. 2011-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கோட்சரெலிஸ் குழு ஒரே ஆளின் தலையில் முடி உள்ள இடத்தையும் வழுக்கையான இடத்தையும் ஒப்பிட்டது. ஸ்டெம் செல்கள் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. அவற்றிலிருந்து பிறந்து முடியை உருவாக்க வேண்டிய அடுத்த கட்டச் செல்கள்தான் வழுக்கையில் குறைவு.

பிரபு: அதாவது ஆள் வீட்டில் இருக்கிறான், வேலைக்குப் போகவில்லை

குமார்: பிரபு, நீ தேர்வுக்குப் படிப்பதாகத்தானே சொன்னாய்

பிரபு: படித்துக்கொண்டேதான் படிக்கிறேன் அப்பா

கலா: (குரல் பதிவு 2:14)

சுதா: அக்கா, பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், கேட்க முடியவில்லை. என்ன சொல்கிறீர்கள்?

மல்லிகா: அண்ணி சொல்வது, இது எங்கள் பக்கத்து வழுக்கை, அவர் பிறந்த வீட்டில் எல்லோருக்கும் கடைசிவரை அடர்த்தி. 2 நிமிடம் 14 நொடிக்கும் சாரம் இவ்வளவுதான்

யாழினி: டிஎச்டி வந்து ஒட்டுகிற ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும்.

மல்லிகா: ஆஹா

கலா: (குரல் பதிவு 0:03)

யாழினி: பெரிய அத்தை, நான் இன்னும் முடிக்கவில்லை. அது ஒன்று மட்டும் இல்லை, இன்னும் நிறைய மரபணுக்கள் இதில் கைவைக்கின்றன, அவை இரண்டு பக்கத்திலிருந்தும் வரும்.

மல்லிகா: முதல் பாதியே போதும்

ராஜேந்திரன்: எங்கள் அப்பாவுக்கு ஐம்பது வயதுவரை நல்ல முடி. போட்டோவே இருக்கிறது. குமார், அந்தக் கறுப்பு ஆல்பம் உன்னிடம்தானே?

குமார்: என்னிடம் இல்லை அண்ணா. வீடு பிரித்தபோது மல்லிகா அக்கா எடுத்துப்போனார்

மல்லிகா: நான் எடுத்தது பச்சை ஆல்பம்

குமார்: கறுப்பும்தான்

மல்லிகா: நான் எடுத்ததை நீ பார்த்தாயா? நீதான் அன்று மதியமே கிளம்பிவிட்டாயே

சுதா: ஆல்பத்தை அப்புறம் பேசலாம். யாழினி, இந்த ஊசி வேண்டாம் என்றால் முடி நடுவது? சிலருக்கு அது நன்றாகத்தானே வந்திருக்கிறது

பிரபு: சிலருக்கு = அப்பாவுக்கு

குமார்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மல்லிகா: அந்தப் பத்து நாள் “அலுவலகப் பயிற்சி” தானே குமார்? தொப்பியோடு வந்தாயே

யாழினி: நடுவது நிஜமாகவே வேலை செய்யும் சின்ன அத்தை. 1959-ல் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் எழுதிக் காட்டினார். பின்மண்டை முடியை எடுத்து முன்னால் நட்டாலும் அது பின்மண்டைக் குணத்தோடுதான் இருக்கும், அவ்வளவு எளிதில் உதிராது.

மல்லிகா: சிலர் வந்து முப்பது வருடம் ஆனாலும் பிறந்த வீட்டுக் குணம் மாறாதே, அதுபோல

சுதா: யாரைச் சொல்கிறீர்கள் அண்ணி

மல்லிகா: முடியைத்தான்

யாழினி: ஆனால் நடுவதில் புதிதாக ஒரு முடியும் பிறப்பதில்லை. வெறும் இடமாற்றம். பின்மண்டை இருப்பு தீர்ந்தால் தீர்ந்தது. அதனால்தான் மயிர்க்காலையே பெருக்க முடியுமா என்று இத்தனை வருடமாக முட்டிமோதுகிறார்கள்.

கார்த்திக்: அதைத்தானே நானும் கேட்கிறேன். முடியுமா முடியாதா

யாழினி: மயிர்க்காலின் அடியில் டெர்மல் பாப்பில்லா என்று ஒரு சின்னச் செல் கூட்டம் இருக்கிறது. “முடி வளர்” என்று ஆணை போடுவது அதுதான். அதை எடுத்துத் தட்டில் பரப்பி வளர்த்தால் எண்ணிக்கை பெருகும், ஆனால் கொஞ்ச நாளில் தான் யார் என்பதையே மறந்துவிடும். ஆணை போடுவதை நிறுத்திவிடும். பல வருடம் எல்லோரும் சிக்கி நின்றது இந்த இடத்தில்தான். நானும் வேறு செல்லில் இந்த அவஸ்தையைப் பட்டிருக்கிறேன், அழுகை வரும்.

ராஜேந்திரன்: வெளியூரில் வேலை கிடைத்ததும் குமார் நம்மை மறந்த மாதிரி

குமார்: அண்ணா, நான் கூப்பிட்டால் நீங்கள்தான் எடுப்பதில்லை

யாழினி: 2013-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியானோவும் இங்கிலாந்தின் ஜஹோடாவும் அந்தச் செல்களைத் தட்டில் பரப்பாமல் தொங்கும் சொட்டுகளில் வளர்த்தார்கள். உருண்டையாக ஒன்றுசேர்ந்ததும் பழைய ஞாபகம் ஓரளவு திரும்பியது. முடியே முளைக்காத மனிதத் தோலை எலியின் மேல் ஒட்டி, இந்த உருண்டைகளை உள்ளே வைத்தார்கள். 7 பேரிடம் எடுத்த செல்களில் 5 பேருடையவை புது மயிர்க்காலை உண்டாக்கின.

ராஜேந்திரன்: ஒன்றுசேர்ந்தால் ஞாபகம் வருமாம். குமார், படித்தாயா?

குமார்: படித்தேன்

பிரபு: உருளைக்கிழங்கு வறுவல் தின்றால் முடி வரும் என்று ஒரு செய்தி வந்ததே, அது?

யாழினி: அது 2018, யோகோஹாமா பல்கலைக்கழகம். பெரிய மாமா அனுப்பிய செய்தியின் பூர்வீகமும் அந்தப் பக்கம்தான் என்று நினைக்கிறேன். ஃபுகுடா குழு ஒரே தடவையில் 5,000 மயிர்க்கால் முளைகளை வளர்த்தது. செல்களுக்கு ஆக்சிஜன் போகட்டும் என்று பாத்திரத்தின் அடியை ஒரு சிலிகோனில் செய்தார்கள். வறுக்கும் எண்ணெய் நுரைக்காமல் இருக்கச் சேர்ப்பதும் அதே சிலிகோன். பத்திரிகைக்காரர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். எத்தனை வறுவல் தின்ன வேண்டும் என்று இணையத்தில் கேட்டார்களாம்.

பிரபு: எத்தனையாம்

யாழினி: பிரபு.

யாழினி: 2022-ல் அதே குழு எலிக்கருச் செல்களைக் கலந்து, ஆய்வகத் தட்டிலேயே முடி முளைக்க வைத்தது. 23 நாளில் சுமார் 3 மி.மீ.

ராஜேந்திரன்: பார்த்தாயா! வருகிறது!

யாழினி: எலிக்கு வருகிறது. 2012-லேயே டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தின் சுஜி குழு எலியில் முழு மயிர்க்காலை மறுஉருவாக்கிக் காட்டியது, அந்த முடி உதிர்ந்து திரும்பவும் முளைத்தது. 2016-ல் கியோசெரா கம்பெனியோடு சேர்ந்து 2020-க்குள் மனிதர்களுக்குக் கொண்டுவருவோம் என்றார்கள். 2020 வந்தது, போனது. இந்தத் துறையில் “இன்னும் ஐந்து வருடம்” என்பது ஒரு பழைய நகைச்சுவை.

மல்லிகா: ஏன் இழுக்கிறது?

யாழினி: ஒரு முடி முளைத்தால் போதாதே அம்மா. ஆயிரக்கணக்கில் வேண்டும். எல்லாம் ஒரே திசையில் சாய வேண்டும், நிறம் பொருந்த வேண்டும், உதிர்ந்தால் திரும்ப வர வேண்டும். பெருக்கிய செல் கட்டுக்கடங்காமல் வளரக் கூடாது. அதோடு ஒவ்வொருவருக்கும் அவரவர் செல்லையே எடுத்துத் தனியாக வளர்க்க வேண்டும். ஜப்பானில் ஷிசெய்டோ என்ற அழகுசாதன நிறுவனம் இடம்பெற்ற ஒரு ஆய்வில் மயிர்க்காலின் அடி உறைச் செல்களைப் பெருக்கி 65 பேர் தலையில் ஏற்றிப் பார்த்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. பலன் உண்டு, ஆனால் கொஞ்சம். கண்ணாடியில் பார்த்துத் துள்ளிக் குதிக்கிற அளவு இல்லை.

யாழினி: நான் அதிகம் கவனிப்பது இன்னொரு வழி. செல்லை வெளியே வளர்க்காமல், தூங்குகிற ஸ்டெம் செல்லைத் தலையிலேயே எழுப்புவது. கலிபோர்னியாவில் பிபி405 என்று ஒரு பூச்சு மருந்து. 78 பேரிடம் நடந்த சோதனையை 2025-ல் சொன்னார்கள். முடி அதிகம் கொட்டிய ஆண்களில் 31 சதவீதத்தினருக்கு 8 வாரத்தில் அடர்த்தி 20 சதவீதத்துக்கு மேல் கூடியதாம், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் பூச்சு பூசியவர்களில் அப்படி ஒருவரும் இல்லையாம். நல்ல சேதிதான். ஆனால் சிறிய சோதனை, குறுகிய காலம், கணக்கை வெளியிட்டதும் அந்த மருந்தை உருவாக்கும் நிறுவனமே.

பிரபு: மச்சத்தில் மட்டும் ஏன் முடி கொழுகொழுவென்று வளர்கிறது? எனக்கு ரொம்ப நாள் சந்தேகம்

சுதா: பிரபு யாரையும் பெயர் சொல்லாதே

யாழினி: நல்ல கேள்விதான். மச்சத்தில் உள்ள முதிர்ந்த நிறச் செல்கள் ஆஸ்டியோபான்டின் என்று ஒன்றைச் சுரந்து பக்கத்து ஸ்டெம் செல்களை உசுப்புகின்றன. 2023-ல் பிளிக்கஸ் குழு கண்டுபிடித்தது. அதை மருந்தாக்கவும் பார்க்கிறார்கள்.

கலா: (குரல் பதிவு 0:19)

மல்லிகா: அண்ணி, உங்கள் தாடையை யாரும் சொல்லவில்லை

கார்த்திக்: எல்லோரும் ஜோக் அடித்து முடித்தாயிற்றா

கார்த்திக்: ஒரு வருடமாக வீடியோ காலில் கேமராவை நெற்றி தெரியாமல் வைக்கிறேன். மழை பெய்தால் வெளியே போவதில்லை, நனைந்தால் மண்டை தெரியும் என்று. எலி, மச்சம், வறுவல். எனக்கு என்ன வழி என்று ஒருவரும் சொல்லவில்லை

இரவு 9:37

குமார்: கார்த்திக், நான் நட்டபோது யாரிடமும் சொல்லவில்லை. உன் சித்தியிடம்கூட முந்தின நாள்தான் சொன்னேன். நீ கேட்டாவது கேட்டாய். வியாழக்கிழமை தோல் டாக்டரிடம் நானும் உன்னோடு வருகிறேன்.

கார்த்திக்: சரி சித்தப்பா

யாழினி: மன்னித்துக்கொள் கார்த்திக். இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். உனக்கு 28. சுருங்கிக்கொண்டிருப்பதைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்த மருந்து, 1988-லிருந்து தலையில் பூசுகிறார்கள். ஃபினாஸ்டெரைடு 1997-லிருந்து. அது டிஎச்டி அளவைக் குறைக்கும். இரண்டும் அதிசயம் செய்யாது, நிறுத்தினால் பலனும் போய்விடும். ஃபினாஸ்டெரைடில் சிலருக்குப் பாலுறவுப் பக்கவிளைவு வருவதுண்டு, டாக்டரிடம் கூச்சப்படாமல் கேள். பின்னால் ஏதாவது புது வைத்தியம் வந்தாலும் இருக்கிற மயிர்க்கால்தான் மூலதனம். ஆரம்பத்தில் மினாக்சிடில் பூசியதும் கொஞ்சம் கொட்டும், பயப்படாதே.

யாழினி: இன்னொன்று. உன் வீட்டில் பூனை இருக்கிறதே? மினாக்சிடில் பூனைக்கு விஷம். கொஞ்சம் நக்கினாலும் ஆபத்து. தலையணையை அதற்கு எட்டாமல் வை.

கலா: (குரல் பதிவு 0:27)

ராஜேந்திரன்: கலா சொல்வது, பூனையைப் பிரபுவிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம்

பிரபு: அது பரிசு பெரியம்மா

கார்த்திக்: பூனை எங்கும் போகாது

சுதா: அப்போ முடிவு என்ன? இன்று பணம் கட்டவில்லை, வியாழக்கிழமை டாக்டர். சரிதானே?

ராஜேந்திரன்: சரி. ஆனால் சலுகை இன்றோடு முடிகிறதே

யாழினி: பெரிய மாமா, 12 மணிக்குள் முடிவெடுக்கச் சொல்லும் வைத்தியமே சந்தேகத்துக்கு உரியதுதான்

கலா: (குரல் பதிவு 0:41)

பிரபு: ஐயய்யோ

குமார்: என்ன?

மல்லிகா: அண்ணி மதியமே முன்பணம் கட்டிவிட்டாராம். பையன் முகம் வாடியிருந்ததாம்

கார்த்திக்: அம்மா???

கார்த்திக்: யாரைக் கேட்டுக் கட்டினாய்

யாழினி: ரசீது இருக்கிறதா பெரிய அத்தை? பின்பக்கச் சின்ன எழுத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். திருப்பித் தருவார்களா என்று பார்க்கலாம்

கலா: (படம்)

பிரபு: இது பூனை

கலா: (குரல் பதிவு 0:08)

ராஜேந்திரன்: கண்ணாடி போட்டுக்கொண்டு காலையில் அனுப்புகிறாளாம்

குமார்: நாளை நான் அந்தக் கிளினிக்குக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கிறேன்

கார்த்திக்: வேண்டாம் சித்தப்பா, நானே பேசுகிறேன். இல்லை, நீங்களே பேசுங்கள். தெரியவில்லை

இரவு 11:58

மல்லிகா: (படம்) தேடி எடுத்தேன். அப்பா, முப்பது வயதில்

பிரபு: தாத்தா தொப்பி போட்டிருக்கிறார்

ராஜேந்திரன்: மல்லிகா, இது கறுப்பு ஆல்பத்துப் படம்