காரை விட்டு ரயிலுக்கு மாறியது வீணா?

வெள்ளவத்தைவாசி:
2022இல் பெட்ரோல் வரிசையில் இரண்டு இரவுகள் காருக்குள்ளேயே தூங்கியவன் நான். அன்றிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு ரயில்தான். கடற்காற்று இலவசம்; மாலையில் மிதிபலகையில் தொங்குவதும் இலவசம். இப்போது மனைவி மின்சாரக் கார் வாங்கலாம் என்கிறார். காற்றுக்கு எது நல்லது?

பொரளைக் கிழவன்:
தம்பி, ஒரு லீட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு. மின்சாரக் கார் புகை விடாது, உண்மை. ஆனால் இரவில் மின்னேற்றினால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரியும் அதில் கலந்திருக்கும். கூரையில் சூரியத் தகடு போட்டுப் பகலில் ஏற்றினால் கதை வேறு. எப்படியானாலும் காலி வீதி நெரிசலில் அதுவும் இன்னொரு கார்தான். உங்கள் ரயில் டீசலில் ஓடினாலும், அத்தனை பேர் தொங்கும் பெட்டியில் தலைக்கு எவ்வளவு புகை வந்துவிடும்? இந்த நகரில் 1899 முதல் 1960 வரை மின்சார டிராம் ஓடியது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானே ஏறியிருக்கிறேன். தண்டவாளத்தைப் பிடுங்கிய புத்திசாலிகளை என்னவென்று சொல்வது!

மாலபேக்காரி:
உங்களுக்காவது ரயில் இருக்கிறது. எங்களுக்கு ஜப்பான் கடனில் கோட்டை வரை இலகு ரயில் வரவிருந்தது, 2020இல் கைவிட்டார்கள். நான் 177 பஸ்ஸில் ராஜகிரியவில் நின்றபடிதான் இதை எழுதுகிறேன்.

வெள்ளவத்தைவாசி:
நன்றி ஐயா. தகடு போடலாம் என்றால் எங்களுடையது மாடிக் குடியிருப்பு, கூரையே எங்களுக்குச் சொந்தமில்லை. மனைவியிடம் இதைக் காட்டினேன். முதலில் ஒரு வாரம், தான் போகும் 6.30 ரயிலில் என்னையும் வரச் சொல்கிறார்.