வாட்ச் லேத் முதன்முதலில் கைக்கு வந்தபோது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

விளக்குத்தூண்வாசி:

வாட்ச் லேத், அதாவது கடிகாரத்தின் குட்டிப் பாகங்களைக் கடையும் சின்னக் கடைசல் இயந்திரம், இங்கே யாருக்கும் புதிதில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். மதுரை நேதாஜி ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்த பெரியவர் கடையைக் காலி செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஜெர்மனியில் செய்த லார்ச் கம்பெனி லேத், 8 மில்லி சைஸ். மரப்பெட்டியில், கம்பியைக் கவ்விப் பிடிக்கும் காலட்டுகள் வரிசையாக நின்றன. விலை பேசி முடிந்ததும், "ஓடுதான்னு பாத்துட்டு எடுத்துட்டுப் போப்பா" என்று அவரே உட்கார்ந்துவிட்டார். ஐகிளாஸைக் கண்ணில் இடுக்கினார். இடது கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே வலது கையில் கிரேவரை, அதாவது கடையும் உளியைப் பிடித்தார். கம்பியின் நுனியிலிருந்து முடி மாதிரி ஒரு சுருள் கிளம்பி, அறுபடாமல் அவர் விரல் மேலேயே விழுந்தது. அதற்கு முன் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.

இத்தனை நாளாகியும் மனதை அரிப்பது அதற்கு அப்புறம் நடந்தது. எல்லாவற்றையும் துடைத்துப் பெட்டியில் அடுக்கியவர், மூடும் முன் ஒரு காலட்டை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அய்யா, அது?" என்றேன். "அது இருக்கட்டும்ப்பா" என்று சொல்லிவிட்டு ஷட்டரை இழுக்க எழுந்து போய்விட்டார். ஏன் எடுத்தார்? தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒன்று நடந்திருந்தால் எழுதுங்கள்.

கப்பலூர்_டர்னர்:

தம்பி, இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. அந்தக் காலட் கெட்டுப்போனது. புதிதாகப் பழகுகிற பையன் அதை மாட்டி, கம்பி கோணலாகச் சுற்றுவதைப் பார்த்து லேத்தையே குறை சொல்லிவிடக் கூடாது என்று எடுத்துவிட்டார். நல்ல தொழிலாளி செய்கிற வேலைதான் அது.

என் அனுபவம் சின்னது. கப்பலூரில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு ஒருவர் இதே மாதிரி குட்டி லேத்தைக் கொண்டுவந்தார். டிரா பாரில் (காலட்டைப் பின்னாலிருந்து இழுத்து இறுக்கும் தண்டு) காலட் ஏறவில்லை, டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு மரையைச் சரிசெய்து கொடுங்கள் என்றார். மாட்டிப் பார்த்தேன், காலட் 2 சுற்று வழுக்கிக்கொண்டு போனது, அப்புறம் நின்றுவிட்டது. மனுஷன் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துத் திருகப் போனார். எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். இன்னும் ஒரு கால் சுற்று போயிருந்தால் இரண்டு மரையும் போயிருக்கும்.

ஆகவே புதிதாக வாங்குகிறவர்கள் கவனியுங்கள். 8 மில்லி என்பது காலட்டின் உடம்புத் தடிமன் மட்டும்தான். அமெரிக்கப் பாணி காலட்டில் அங்குலத்துக்கு 40 மரை, அதாவது ஒரு மரைக்கு 0.635 மில்லி. ஜெர்மன் காலட்டுகளில் 0.625 மில்லி பிட்ச்சை (மரைக்கு மரை இடைவெளி) அதிகம் பார்க்கலாம். வித்தியாசம் ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்கு. அதனால்தான் ஆரம்பத்தில் சேர்ந்த மாதிரி போய் அப்புறம் கடிக்கும். மரையின் தடிமனும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மெட்ரிக் காலட்டின் முகத்தில் இருக்கும் நம்பர், மில்லியில் பத்தில் ஒரு பங்குக் கணக்கு: 30 என்றால் 3.0 மில்லி, 8 என்றால் 0.8 மில்லி. 30-ல் 3.0 கம்பியைத்தான் மாட்ட வேண்டும். 2.8 கம்பியை மாட்டி இறுக்கினால் வாய் குவிந்து கெட்டுவிடும், 3.2-ஐத் திணித்தால் விரிந்துவிடும். காலி காலட்டை ஒருநாளும் இறுக்காதீர்கள். காலட்டில் நீளமாக ஒரு காடி இருக்கும், ஹெட்ஸ்டாக்குக்குள் (காலட் உட்காரும் தலைப்பகுதி) சின்ன பின் இருக்கும். பின் காடியில் உட்கார்ந்த பிறகுதான் டிரா பாரைச் சுற்ற வேண்டும். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன் என்று சைஸ் சேராத கம்பியை மாட்டிப் பழகினால், முழு செட்டும் பாழாகிவிடும்.

வாட்ச்காரர்_மகள்:

கப்பலூர் அண்ணே, மரைக் கணக்கு நீங்கள் சொன்னதுதான். காலட் கெட்டுப்போனது என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கெட்டுப்போனதை யாரும் சட்டைப் பையில், நெஞ்சோடு வைத்துக்கொள்வதில்லை. ஓரமாகக் கிடக்கிற டப்பாவில் போடுவார்கள். அதுவும் அந்தப் பெரியவர் விற்ற பிறகும் உட்கார்ந்து ஓட்டிக் காட்டுகிற ஆள்.

எங்கள் அப்பா உசிலம்பட்டியில் கடை வைத்திருந்தார். அவர் தவறிய பிறகு, நான் ஊரில் இல்லாத நேரத்தில் வீட்டில் இருந்தவர்கள் கடைச் சாமானைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டார்கள். விஷயம் தெரிந்து நான் ஓடியபோது லேத் ஒரு பக்கம் முழுசாக இருந்தது, காலட்டுகள் இல்லை. தேடினால், நட்டு போல்ட்டோடு ஒரு எண்ணெய் டின்னில் கிடக்கின்றன. அந்த அண்ணன் கையை விட்டு ஒரு பிடி அள்ளித் தராசில் போட்டார். தட்டில் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்பா அவற்றை ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்துத்தான் துளையில் நிறுத்துவார், ஒன்றோடு ஒன்று உரச விடமாட்டார். அந்த அண்ணனைக் குறை சொல்ல முடியாது. விஷயம் புரிந்ததும் டின்னைக் கவிழ்த்து என்னோடு தரையில் உட்கார்ந்து தேடிக் கொடுத்தார், எடைக்காசுக்கு மேல் வாங்கவில்லை. ஆனாலும் வரிசையில் சில துளைகள் காலியாகவே இருக்கின்றன.

விளக்குத்தூண் தம்பி, உங்கள் பெட்டியில் காலியான துளை எத்தனையாம் நம்பர்?

விளக்குத்தூண்வாசி:

16 அக்கா. 15-ம் 17-ம் இருக்கின்றன.

கப்பலூர்_டர்னர்:

1.6 மில்லி. பேலன்ஸ் ஸ்டாஃப் (கடிகாரத்தின் பேலன்ஸ் சக்கரத்து அச்சு) கடையும் கம்பி கிட்டத்தட்ட அந்தத் தடிமன்தான். அதிகம் உழைத்த காலட் அதுவாகத்தான் இருக்கும், அதனால்தான் தேய்ந்திருக்கும் என்கிறேன்.

வாட்ச்காரர்_மகள்:

அதிகம் உழைத்தது என்பதால்தான் எடுத்துக்கொண்டார் என்கிறேன் நான்.

தெப்பக்குளம்_தெற்கு:

எனக்கு லேத் வந்தபோது மோட்டார் கிடையாது. தையல் மிஷின் மோட்டாரும் கால் ரெகுலேட்டரும் வாங்கி, பலகையில் லேத்துக்குப் பின்னால் பொருத்தி, பெல்ட் மாட்டி ஓட்டினால் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. கம்பியின் மேல்பக்கம் நம்மைப் பார்த்து வர வேண்டும், அப்போதுதான் கிரேவர் வெட்டும். எனக்கோ மேல்பக்கம் விலகிப் போகிறது. வயரை மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன், மாற்றமே இல்லை. பிளக்கைத் திருப்பிச் சொருகுவதால் இந்த மோட்டார் திசை மாறாது. உள்ளே பிரித்து, பிரஷ் வயரையும் காயில் வயரையும் மாற்றி இணைக்க வேண்டும் என்று படித்துவிட்டு, அதற்குப் பயந்து ஒரு தையல் மிஷின் மெக்கானிக்கிடம் போனேன். புதுமண்டபத் தையல்காரர்களுக்கெல்லாம் மிஷின் பார்த்த மனிதர். நான் பாதி சொல்லும்போதே மோட்டாரைத் தூக்கி, அதன் தலை அந்தப் பக்கம் வரும்படி திருப்பி மேஜையில் வைத்தார். "புல்லி இந்தப் பக்கம் பாக்கட்டும் தம்பி. மிஷின்ல எப்படி உக்காந்துச்சோ அப்படியே உக்காரணும்." அவ்வளவுதான். மோட்டார் உடம்பு இடது பக்கம், புல்லி வலது பக்கம். தையல் மிஷின் சக்கரமும் நம்மைப் பார்த்துத்தானே சுற்றுகிறது! காசு வாங்க மறுத்துவிட்டார். அதைவிட, வாட்ச் லேத்தை வாழ்நாளில் பார்த்திராத ஒருவர் நான் சொன்னதை வைத்தே அதைப் புரிந்துகொண்ட வேகம்தான் எனக்கு மறக்கவில்லை.

இடமில்லாமல் மோட்டாரை மாற்றி வைக்க நேர்ந்தால், உருண்டை பெல்ட்டை எட்டு மாதிரி குறுக்கே போடுங்கள், திசை மாறிவிடும். குறுக்கே வரும் இடத்தில் பெல்ட் உரசித் தேயும், அது ஒன்றுதான்.

மேலூர்க்காரன்:

மோட்டார் மோட்டார் என்கிறீர்கள். முதல் பதிவில் அந்தப் பெரியவர் கையால் சுற்றித்தானே முடி மாதிரி சுருள் எடுத்தார்? அதைக் கவனித்தீர்களா? கைச்சக்கரத்தில் பழகாதவன் காலில் மோட்டாரை மிதித்து பிவட்டை, அதாவது அச்சின் மெல்லிய நுனியை முறிப்பான்.

என் கதை: தாத்தாவின் வெஸ்ட் எண்ட் கைக்கடிகாரம் விழுந்து பேலன்ஸ் ஸ்டாஃப் முறிந்தது. அதிர்வு தாங்கும் அமைப்பு இல்லாத பழைய மாடல். ஸ்பேர் கிடையாது என்று எல்லாரும் கைவிரித்தார்கள். டவுன் ஹால் ரோடு பக்கம் ஒருவர் மட்டும், "இருங்க, கடைஞ்சு பாப்போம்" என்றார். முறிந்த துண்டுகளை அளந்து சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டார். ஸ்டாஃபின் நுனிப் பிவட் சுமார் 0.1 மில்லி, தலைமுடித் தடிமன். கடைசியில் அதைக் கடையும்போது பக்கத்தில் ஓடிய டேபிள் ஃபேனை நிறுத்தச் சொன்னார். சித்திரை மாத வெயில், நெற்றி வேர்வை புருவத்தில் நிற்கிறது, துடைக்கவில்லை. கிரேவர் நகர்வதே கண்ணுக்குத் தெரியவில்லை. பிறகு அதை வேறொரு கருவியில் வைத்து எஃகுப் பட்டையால் தேய்த்து மெருகேற்றினார், அதற்கே வெகுநேரம் ஆனது. கடிகாரம் இப்போதும் ஓடுகிறது. அந்தக் கடை இப்போது செல்போன் கவர் கடை. இன்னொரு ஸ்டாஃப் முறிந்தால் எங்கே போவது?

தெப்பக்குளம்_தெற்கு:

மேலூர் அண்ணே, கைச்சக்கரத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனால் ஒரு கை சக்கரத்தில் போனால், கற்றுக்கொள்கிறவனுக்குக் கிரேவரைத் தாங்க ஒரு கைதான் மிச்சம். இரண்டு கையும் ரெஸ்ட் (கிரேவரைத் தாங்கும் கட்டை) மேல் இருந்தால் பழகுவது சுலபம். மெதுவாக ஓட ரெகுலேட்டர் இருக்கிறது.

திருநகர்_பழசு:

வாங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். இணையத்தில் ஒருவரிடம் வாங்கினேன். படத்தில் கண்ணாடி மாதிரி மின்னியது. வந்ததும் ஸ்பிண்டிலை (லேத்தின் சுழலும் தண்டு) கையால் சுற்றினேன், மணல் அரைகிற உணர்வு. கழற்றிப் பார்த்தால், பேரிங்காக இருக்கும் கடினப்படுத்திய எஃகுக் கூம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். விரலால் தொட்டேன், எமரித் தூளும் எண்ணெயும் சேர்ந்த பசை. பளபளப்பாகக் காட்ட, லேத்தை ஓடவிட்டு எமரிப் பேப்பரைப் பிடித்திருக்கிறார்கள். தூள் பேரிங்குக்குள் போய்த் தின்றுவிட்டது. துருப்பிடித்து அழுக்காக வந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். அந்தச் சாம்பல் வளையத்தைப் பார்த்த நிமிஷம் வயிறு எரிந்தது.

கப்பலூர்_டர்னர்:

இதைத்தான் சொல்ல வந்தேன். பழைய லேத் வந்ததும் ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஸ்பிண்டிலைக் கழற்றி, இறுகிப்போன பழைய எண்ணெயை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துணியால் எடுங்கள். பிரஷ், எமரி, வீட்டில் பாத்திரம் தேய்க்கும் கம்பி எதுவும் பேரிங் பக்கம் வரக் கூடாது. திரும்பப் பூட்டும்போது மெல்லிய ஸ்பிண்டில் ஆயில் போதும், என்ஜின் ஆயில் வேண்டாம். பின்பக்க நட்டில் முன்பின் ஆட்டத்தை எடுங்கள்: கையால் சுற்றினால் தடையில்லாமல் ஓட வேண்டும், இழுத்துத் தள்ளினால் அசையக் கூடாது. பிறகு நல்ல கம்பி ஒன்றை மாட்டி, டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். திருநகர் அண்ணன், உங்கள் கூம்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தேய்மானம் சீராக இருந்தால் நட்டில் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கலாம். கடைசல் பழகுகிறவர்கள் முதலில் பித்தளையில் பழகுங்கள், அது மெத்தென்று வெட்டும்.

வாட்ச்காரர்_மகள்:

அண்ணே, இந்த இடத்திலும் எனக்கு மாற்றுக் கருத்துதான். எஃகுக்குத் தீட்டிய கிரேவர் பித்தளையில் உள்ளே இழுத்துக்கொண்டு போகும், பித்தளைக்கு மேல்முகம் தட்டையாக வேண்டும். பித்தளையில் பழகிய கை எஃகுக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அப்பா எனக்குக் கொடுத்தது எஃகுதான். 3 மில்லி சில்வர் ஸ்டீல் (ஒருவகை எஃகுக் கம்பி) வாங்குங்கள், 30-ஆம் நம்பர் காலட், வெளியே கொஞ்சமாக நீட்டுங்கள். ரெஸ்ட்டைக் கம்பிக்கு ஒட்டினாற்போல் கொண்டுவந்து, கிரேவர் நுனி கம்பியின் மையத்துக்கு நேராக வரும்படி வையுங்கள். இடைவெளி விட்டால் நுனி கீழே பாயும். சுருள் வந்தால் சரி. தூளாக வந்தால் கிரேவர் மழுங்கியிருக்கிறது, அழுத்தாதீர்கள், எண்ணெய்க் கல்லில் தீட்டிவிட்டு வாருங்கள்.