எட்டாண்டாகத் தைத்துவரும் அறுகோண க்வில்ட்: முதல் பூக்களைப் பிரித்துவிடலாமா?

கேள்வி

பணிமாற்றத்தால் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊருக்கு 2017இல் வந்தபோது, மாலைப்பொழுதுகளைக் கடப்பதற்காக, அட்டைத் துண்டின்மேல் துணியை மடித்துத் தைத்து இணைக்கும் ஆங்கிலேய முறையில் ஒரு க்வில்ட்டை, அதாவது துணித்துண்டுகளை இணைத்து உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் விரிப்பை, தொடங்கினேன். பக்கம் ஓர் அங்குலமுள்ள அறுகோணங்களில் நடுவே ஒன்று, சுற்றிலும் ஆறு, அதற்கு வெளியே பன்னிரண்டு என 19 சேர்ந்தால் ஒரு பூ ஆகும். 60க்கு 80 அங்குல விரிப்புக்கு ஏறத்தாழ 1,850 அறுகோணங்கள் வேண்டும், 1,300 முடிந்துள்ளன.

அனைத்தையும் தரையில் பரப்பிப் பார்த்தபோது, முதலாண்டின் 14 பூக்கள் கண்ணை உறுத்தின. அங்குலத்துக்கு எட்டுத் தையல்கூட இல்லை, மூலைகளும் சேரவில்லை. தொடங்கிய வரிசையை அன்றிரவே முடித்தாக வேண்டும் என்ற பதற்றம் அப்போது என்னிடம் இருந்தது. இன்று மூன்று துண்டுகளை இணைத்ததும் மனநிறைவோடு ஊசியை வைத்துவிட முடிகிறது. அந்தப் பூக்களைப் பிரித்துத் தைத்தால் அன்றைய என்னையே மறைப்பதாகுமோ என்று தயங்குகிறேன்.

மறுமொழி 1

இணைப்பின் இருபுறமும் கட்டைவிரல்களை வைத்து மெல்ல விலக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் பிரித்தே ஆக வேண்டும், ஏனெனில் துவைக்கும்போது உள்ளே வைத்த பஞ்சு நீரை ஏற்றுக் கனத்து, அந்த இடத்தைத்தான் முதலில் இழுக்கும். மூலைகள் இம்மியளவு விலகியிருப்பதற்காக வருந்த வேண்டாம். முதல் சலவையில் பருத்தி சுருங்கிச் சுருக்கங்கள் விழுந்தபின் அது தெரியாது.

மறுமொழி 2

நான் வங்காளத்துக் காந்தா முறையில் தைப்பவள். அதில் ஓட்டுத்தையல் எல்லா அடுக்குகளையும் ஊடுருவிச் செல்வதால், கை தடுமாறிய இடமும் வெளியே தெரியும். உங்கள் இணைப்புத் தையலோ பின்துணி போட்டபின் பெரும்பாலும் மறைந்துவிடும்; ஆகவே மறைப்பது என்ற கேள்வி இங்கு எழவில்லை. அந்த ஆண்டை நினைவில் வைக்க விரும்பினால், பின்துணியின் ஓரத்தில் 2017 என்று தைத்து வையுங்கள். முதலாண்டில் சுங்குடித் துணி சேர்த்திருந்தால், ஈரமான வெள்ளைத் துணியால் ஒற்றிச் சாயம் ஏறுகிறதா என்று பார்ப்பது இதைவிட அவசரமானது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. 14 பூக்களையும் சோதித்ததில் ஐந்தில் இடைவெளி தெரிந்தது. சாயம் எதிலும் ஏறவில்லை. ஒன்றைப் பிரித்தபோதுதான், தையல்கள் தள்ளித் தள்ளி விழுந்ததோடு, நூலைத் துணி சுருங்கும் அளவுக்கு நான் இழுத்திருந்ததும் தெரிந்தது. இவ்வளவு காலமும் என் கை தளர்வானது என்றே நினைத்திருந்தேன். அந்த ஐந்தை மட்டும் திரும்பத் தைக்கிறேன். மற்ற ஒன்பதும் அப்படியே நடுப்பகுதிக்குப் போகின்றன.