மறு: ‘சைட் அலொகேஷன்’ – ஒதுக்கீடா, குறிநிலமா?

> சைட் அலொகேஷன் = நில ஒதுக்கீடு. புழக்கத்தில் இருக்கும் சொல்தானே, புதிதாக எதற்கு?

வணக்கம்.

இங்கிலாந்தின் கட்டடத் திட்டச் சொற்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலைப் பற்றிய பேச்சு இது. புழக்கத்தில் இருப்பதுதான் இங்கே சிக்கல். தமிழ்நாட்டில் வீட்டு வசதி வாரியம் மனை ஒதுக்கினால் ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வரும். மனை இன்னாருக்கு என்று ஆகிவிட்டது. இங்கிலாந்தின் உள்ளூர்த் திட்டத்தில், அதாவது ஊரில் எங்கே என்ன கட்டலாம் என்று கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) போடும் திட்டத்தில், நடப்பது வேறு. நிலம் பெரும்பாலும் தனியாருடையது. ‘வீடு கட்டத் தோதான நிலம் இருந்தால் சொல்லுங்கள்’ என்று கவுன்சில் கேட்கும். உரிமையாளர்களும் கட்டுமான நிறுவனங்களும் தங்கள் நிலங்களைக் காட்டுவார்கள். அவற்றை அலசி, சிலவற்றைச் சுற்றி வரைபடத்தில் கோடு போட்டு, இங்கே இத்தனை வீடு வரலாம் என்று எழுதிவைப்பார்கள். நிலம் கைமாறுவதில்லை. கட்டட அனுமதிக்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும். திட்டம் வரைவாக இருக்கும்வரை அந்தக் கோட்டையே அழிக்கவும் வழியுண்டு.

எங்கள் பகுதியில் குடியிருப்போர் சிலர் தமிழில் ஒரு துண்டறிக்கை அச்சடித்தார்கள்: “பள்ளிக்குப் பின்னாலுள்ள வயல் வீடுகளுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது.” அதை வாசலில் வாங்கிப் படித்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் கேட்டது: “ஆருக்குக் குடுத்திருக்கினம்?” அடுத்து, “குடுத்தாப் பிறகு எழுதி என்ன பிரயோசனம்?” ஆட்சேபணை எழுதச் சொல்லிக் கொடுத்த தாள் அது!

இன்னொரு கூத்தும் உண்டு. இங்கே ‘அலாட்மென்ட்’ என்றால் கவுன்சிலிடம் வாடகைக்கு எடுத்துக் கீரையும் பூசணியும் போடும் தோட்டத் துண்டு. அப்படிப்பட்ட தோட்டம் ஒன்றை வீடுகளுக்குக் குறித்தார்கள் என்றால், நம் அகராதிப்படி ‘ஒதுக்கீட்டு நிலம் ஒதுக்கப்பட்டது’ என்று எழுத வேண்டிவரும்.

அதனால் நான் முன்வைப்பது: செயலுக்கு ‘நிலம் குறித்தல்’, அப்படிக் குறித்த இடத்துக்குக் ‘குறிநிலம்’. கல்யாணத்துக்கு நாள் குறிப்பது போலத்தான். பேச்சு முற்றியிருக்கிறது, தாலி ஏறவில்லை.

> குறி என்றதும் குறிசொல்பவர்தான் நினைவுக்கு வருகிறார். ‘தெரிவுநிலம்’ போதாதா?

வரட்டும். குறிக்கோளும் குறியீடும் அவரைத் தாண்டித்தான் புழக்கத்துக்கு வந்தன. ‘தெரிவு’ எனக்குப் பிடித்த சொல், ஆனால் அதை வேறிடத்தில் வைக்கலாம். பல நிலங்களை ஒப்பிட்டுச் சிலவற்றை எடுக்கும் வேலைக்கு ‘நிலத்தெரிவு’. அதன் விளைவு குறிநிலம். ஆட்சேபிப்பவருக்கு இந்த இரண்டும் தனித்தனியாகத் தேவை, ஏனென்றால் வலுவான வாதங்கள் பல நிலத்தெரிவு நடந்த முறையைப் பற்றியவை.

இதையொட்டி, உள்ளூர்த் திட்டம் தேறுமா என்று அரசு நியமிக்கும் ஆய்வாளர் பார்க்கும் சோதனைகளில் ஒன்று ‘ஜஸ்டிஃபைடு’. பட்டியலில் அதற்கு ‘மிகத் தகுந்த உத்தி’ என்ற விளக்கம் இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும். 2012ஆம் ஆண்டின் தேசியத் திட்டக் கொள்கைச் சட்டகத்தில் அப்படித்தான் இருந்தது. 2018இல் ‘மிக’ போய், ‘தகுந்த ஓர் உத்தி’ ஆனது. சின்ன மாற்றம் மாதிரி தெரியும். ஆனால் ‘பக்கத்து வயல் இதைவிட நல்லது’ என்று காட்டினால் மட்டும் இப்போது போதாது. நியாயமான மாற்றிடங்களைக் கவுன்சில் பார்த்ததா, ஒரே அளவுகோலால் அளந்ததா, முடிவுக்குச் சான்று இருக்கிறதா என்றுதான் பிடிக்க வேண்டும். சோதனையின் பெயராக ‘நியாயப்படுத்தப்பட்டது’ என்பதும் எனக்கு ஒட்டவில்லை. செய்ததற்குச் சாக்குச் சொல்வது போலிருக்கிறது. ‘சான்றுடைமை’ என்று வைக்கலாமே.

சரி, சொற்களை ஓட்டிப் பார்ப்போம். 2012ஆம் ஆண்டின் உள்ளூர்த் திட்ட விதிகளின்படி போகும் திட்டத்தில் 19ஆம் விதிக் கட்டத்தில், அதாவது ஆய்வாளருக்கு அனுப்பும் முன் வரைவை வெளியிடும்போது, குறைந்தது ஆறு வாரம் கருத்துரை கேட்பார்கள். அப்போது ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

“இந்தக் குறிநிலத்தின் வடபாதி வெள்ள அபாய வலயத்தில் வருகிறது. அபாயம் குறைந்த மாற்றிடங்களை முதலில் பார்த்ததற்கு நிலத்தெரிவு அறிக்கையில் சான்று இல்லை. வடபாதியைக் குறிநிலத்திலிருந்து நீக்க வேண்டும். ஆய்வு அமர்வில் நேரில் பேச விரும்புகிறேன்.”

கடைசி இரண்டு வாக்கியங்களை யாரும் விட்டுவிடக் கூடாது. 2004ஆம் ஆண்டுத் திட்டமிடல், கட்டாயக் கொள்முதல் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, திட்டத்தில் மாற்றம் கோரியவர் கேட்டால் ஆய்வாளர் முன் பேச வாய்ப்புத் தந்தாக வேண்டும். ‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்று மட்டும் எழுதியவருக்கு அந்த உரிமை உறுதியில்லை. இன்னொன்று, இப்படி எழுதித் தருவதன் ஆங்கிலப் பெயரான ‘ரெப்ரசென்டேஷன்’ என்பதற்கு ‘ஆட்சேபணை’ என்று போடாமல் ‘கருத்துரை’ என்றே வைக்கலாம். ஆதரித்து எழுதுபவரும் அதே படிவத்தைத்தான் நிரப்புகிறார்.

மிச்சம் இருப்பது ‘ஒமிஷன் சைட்’. உரிமையாளர் முன்வைத்தும் கவுன்சில் எடுக்காத நிலம். ‘விடுபட்ட நிலம்’ என்றால் மறதியால் விட்டது போல ஒலிக்கிறது, ‘தள்ளிய நிலம்’ கொஞ்சம் முரடு. ‘சேர்க்காத நிலம்’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். ஈழத்து வழக்கில் இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள், பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.