புதுப்பிப்பு: டெபியனில் மோடம் ஒருவழியாக வேலை செய்கிறது

திருவையாற்று வீட்டிலுள்ள பழைய கணினியில் டெபியன் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிறுவிய பின், அதன் உள்ளே பொருத்தப்பட்டிருந்த, தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தை இணைக்கும் டயல்-அப் மோடம் அசையவே இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். சிக்கல் தீர்ந்துவிட்டது, ஆனால் அந்த மோடத்தைக் கொண்டு அன்று. ஒலிக்குறிகளைத் தரவாக மாற்றும் வேலையைத் தான் செய்யாமல் கணினியின் செயலியிடம் தள்ளிவிடும் மென்பொருள் மோடம் அது என்பதும், அதை இயக்கும் மென்பொருளான இயக்கி (டிரைவர்) விண்டோஸுக்கு மட்டுமே தரப்பட்டிருந்தது என்பதும், ஒரு வாரத்தை வீணாக்கிய பிறகே எனக்குப் புரிந்தன.

தஞ்சாவூரில் பழைய பொருள்கள் விற்கும் கடையொன்றில், சீரியல் போர்ட்டில் செருகும் வெளி மோடம் கிடைத்தது. அதை டெபியன் உடனே கண்டுகொண்டது. எனினும், ரிசீவரை எடுத்தால் காதில் தெளிவாகக் கேட்கும் டயல் டோனை, அந்த மோடம் இல்லையென்றே சாதித்தது. வேறு நாட்டு டோனுக்குப் பழகிய மோடங்கள் நம்மூர் டோனை அடையாளம் காணாமல் போவதுண்டு. மோடத்தைக் கொண்டு எண்ணைச் சுழற்றி இணைக்கும் டபிள்யூவிடயல் என்னும் நிரலின் அமைப்புக் கோப்பில், டோனுக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றச் சொல்லும் ஏடிஎக்ஸ்3 என்னும் கட்டளையைச் சேர்த்ததும் இணைப்புக் கிடைத்தது. ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கு) அல்லாத பயனராக இணைய, மோடத்தைப் பயன்படுத்த அனுமதி தரும் டயல்அவுட் குழுவில் என் கணக்கை சேர்க்க வேண்டியிருந்தது.

பெட்டியில் 56 கே (நொடிக்கு 56,000 பிட்) என்று அச்சிட்டிருந்தாலும், எங்கள் கம்பியில் வேகம் நொடிக்கு 28,800 பிட்டைத் தாண்டவில்லை. ஐப்பசி மழையில் இணைப்பு அவ்வப்போது அறுந்தும் போகிறது.